நிலா ஏன் நம்மோடு வருகிறது?

(மாவட்ட நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அந்த நாட்களில் தாய்மார்களிடம் அடிக்கடி கேட்ட புகார் ஒன்று உண்டு. “இவன் வாயே ஓய மாட்டேங்குதுங்க. எழுந்ததிலேர்ந்து தூங்குற வரைக்கும் ஏன், எதுக்குன்னு தொணதொணன்னு கேட்டு உசிர வாங்குறான்.” புகார்தான். ஆனாலும் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும். அதே பிள்ளைக்கு ஏழெட்டு வயதானதும் அதே தாய் வேறொரு புகாரோடு வருவார். “ஸ்கூல்ல என்னடா நடந்துச்சுன்னு கேட்டா ஒண்ணுமில்லேங்கிறான். எதுலயும் ஒரு ஆர்வமே இல்லீங்க.”

இந்த இரண்டு புகார்களுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? வயது ஏற ஏற இந்த ஆர்வம் தானாக வடிந்துவிடும், அது இயற்கை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. துணை இருக்கிற இடத்தில் குழந்தை கேள்வி கேட்கிறது. துணை இல்லாத இடத்தில் நிறுத்திக்கொள்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்கான ஆதாரங்களைத்தான் இனி உங்கள் முன்னால் வைக்கப்போகிறேன்.

இங்கிலாந்தில் பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நான்கு வயதை நெருங்கிக்கொண்டிருந்த 30 சிறுமிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேர் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் வசதியும் படிப்பும் உள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள். சிறுமிகளின் உடையில் சின்ன மைக் ஒன்றைப் பொருத்தி, காலையில் மழலையர் பள்ளியிலும் மதியத்துக்கு மேல் வீட்டிலும் அவர்கள் பேசியதையெல்லாம் பதிவு செய்தார்கள். 1984-இல் அது புத்தகமாக வந்தது. வீட்டில் அம்மாவிடம் அந்தக் குழந்தைகள் கேட்டது மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள். பள்ளியில் ஆசிரியையிடம் கேட்டது மணிக்கு 2.

ஒரே குழந்தை, ஒரே நாள். காலையில் இரண்டு, மதியம் இருபத்தாறு. அவை மோசமான பள்ளிகளும் இல்லை. மணல்தொட்டி இருந்தது, வண்ணங்கள் இருந்தன, அன்பான ஆசிரியைகள் இருந்தார்கள். ஆனால் அங்கே கேள்வி கேட்பவர் ஆசிரியை. இது என்ன நிறம், இது எத்தனை, இது பெரிதா சிறிதா என்று அவர் கேட்பார். பதில் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அது குழந்தைக்கும் தெரியும். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே இன்னும் அதிகமாக ஒடுங்கிப்போனார்கள். வீட்டில் அவ்வளவு பேசுகிற பிள்ளை அங்கே வாயைத் திறக்கவில்லை என்பதால், இதற்கு வீட்டில் பேச்சே கிடையாதோ என்றுகூட ஓர் ஆசிரியை நினைத்துவிட முடியும். நம் ஊரிலும் இந்தத் தவறான கணிப்பு நாள்தோறும் நடக்கிறது.

அந்த ஆய்வில் வருகிற ஓர் உரையாடலை விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். குழந்தைக்கு அவர்கள் வைத்த பெயர் ரோஸி. உழைக்கும் குடும்பத்துப் பிள்ளை. ஜன்னல் கண்ணாடி துடைக்கிற தொழிலாளி அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறார். அக்கம்பக்கத்தில் பலர் வேலைக்குப் போய்விட்டதால், ஒரு பெண்மணியே எல்லோருக்குமாகச் சேர்த்து அவருக்குக் காசு கொடுக்கிறார். இந்தப் பேச்சு ரோஸியின் காதில் விழுகிறது. எல்லோரும் எங்கே போனார்கள்? இவர் ஏன் அவர்களுக்காகக் கொடுக்க வேண்டும்? அம்மா சொல்கிறார். ரோஸிக்குப் புரியவில்லை. பேச்சு வேறெங்கோ போகிறது. சிறிது நேரம் கழித்து அவளே அதை மறுபடியும் எடுக்கிறாள். காசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதே அவளுக்கு இன்னும் தெளிவாகவில்லை. கண்ணாடி துடைப்பது அவருடைய வேலை, அதற்குத்தான் கூலி என்று அம்மா விளக்குகிறார். கூலி எதற்கு? அவர் தன் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் துணியும் வாங்க வேண்டாமா என்கிறார் அம்மா. நான்கு வயது நிரம்பாத அந்தப் பெண் உடனே மடக்குகிறாள்: ஜன்னல் துடைக்கிற சிலருக்குப் பிள்ளைகளே இருக்காதே!

எவ்வளவு சரியான எதிர்வாதம், பாருங்கள். அம்மா சொன்ன காரணம் எல்லோருக்கும் பொருந்தவில்லை என்பதை அந்தக் குழந்தை கண்டுபிடித்துவிட்டது. வேலை, கூலி, கடன், ஒருவருக்காக இன்னொருவர் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வது என்று பெரியவர்களின் பொருளாதாரம் முழுவதும் அந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது. அந்தத் தாய் எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. வேலை செய்துகொண்டே பேசினார். பிள்ளை எத்தனை முறை திரும்பி வந்தாலும் அவரும் திரும்பி வந்தார். பள்ளியில் மணிக்கு இரண்டு கேள்வியோடு இப்படி ஒரு பேச்சு நடந்திருக்க வழியில்லை.

“நாங்க படிக்காதவங்க, பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக்குடுக்கிறது?” என்று கேட்கிற தாய்மார்களிடம் நான் ரோஸியின் கதையைத்தான் சொல்வேன். ஒரு கிலோ தக்காளி இன்றைக்கு ஏன் இந்த விலை என்று பிள்ளை கேட்டால், அதற்கு உங்களைவிட நன்றாகப் பதில் சொல்ல யாரால் முடியும்? நூறு நாள் வேலைக்குக் காசு ஏன் கையில் தராமல் பேங்கில் போடுகிறார்கள், கிணற்று மோட்டார் ஏன் ராத்திரியில் ஓடுகிறது, ஆடு ஏன் சாப்பிட்டதையே திரும்ப மெல்லுகிறது? இந்தக் கேள்விகளெல்லாம் உங்கள் வீட்டு வாசலில் கிடக்கின்றன. பதிலும் உங்களிடம்தான் இருக்கிறது.

குழந்தை கேட்கத் தொடங்குவது பேச்சு வந்த பிறகுதான் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஒரு வயதை ஒட்டி விரலை நீட்டிக் காட்டத் தொடங்குகிறதே, அதில் பாதி கேள்வி. காட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். நாம் “காக்கா” என்று சொன்னதும் அடுத்த பொருளுக்கு விரல் போகும். பேச்சு வந்ததும் முதலில் பெயர் கேட்கும், அப்புறம் இடம் கேட்கும், அதற்கப்புறம்தான் காரணம் கேட்கும். மிஷெல் சூனார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் நான்கு குழந்தைகளின் வீட்டுப் பேச்சுப் பதிவுகளை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தார். பெரியவர்களோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் மணிக்குச் சராசரியாக நூறு கேள்விக்கு மேல் வந்தது. பெரும்பாலானவை எதையாவது தெரிந்துகொள்ளக் கேட்டவை. 2007-இல் வெளிவந்த ஆய்வு அது. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே அதற்கு வெகுகாலம் முன்பே, 1923-இல் வெளியிட்ட நூலில், ஆறு வயதுப் பையன் ஒருவன் பத்து மாதத்தில் கேட்ட 1,125 கேள்விகளை வைத்துக்கொண்டு அவன் உலகத்தை எப்படிப் புரிந்துகொள்கிறான் என்று ஆராய்ந்தார்.

“சும்மா நம்ம கவனத்தை இழுக்கத்தான் கேட்குது, பதில் அதுக்கு முக்கியமே இல்லை” என்று சொல்பவர்கள் உண்டு. அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் பிராண்டி ஃபிரேசியர், சூசன் கெல்மன், ஹென்றி வெல்மன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் தங்கள் “ஏன்” கேள்விக்கு உண்மையான விளக்கம் கிடைத்தபோது என்ன செய்கிறார்கள், ஒப்புக்கு எதையாவது சொன்னபோது என்ன செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். விளக்கம் கிடைத்தால் பிள்ளை தலையாட்டுகிறது, அல்லது அதிலிருந்து அடுத்த கேள்விக்குப் போகிறது. மழுப்பினால் அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறது, இல்லாவிட்டால் தானே ஒரு காரணத்தைச் சொல்லிப் பார்க்கிறது. நம் வீடுகளில் “எத்தன தடவ கேப்ப?” என்று அதட்டுகிறோமே, பலமுறை கேட்பதற்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

இப்போது திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு நிகழ்ச்சி. பௌர்ணமிக்கு முந்தைய நாளோ என்னவோ, நிலா நன்றாக மேலே ஏறியிருந்தது. எனக்கு முன் சீட்டில் அப்பாவும் நான்கு அல்லது ஐந்து வயது மகளும். “அப்பா, இந்த நிலா ஏம்ப்பா நம்ம கூடவே வருது?” அப்பா சிரித்தார். “உன்னை அதுக்குப் பிடிச்சிருக்கு, அதான்.” அழகான பதில். அவள் திருப்தியடையவில்லை. “அப்ப அந்த பஸ்ல போறவங்ககூட யாரு போறது?” எதிரில் ஒரு பஸ் எங்களைத் தாண்டித் திண்டிவனம் பக்கம் போயிருந்தது.

அந்த அப்பா செய்ததை நான் பிறகு பல பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, “அந்தப் பனைமரத்தைப் பாரு, என்ன செய்யுது?” என்றார். “பின்னாடி ஓடுது.” “அந்த மலை?” அவள் நெடுநேரம் பார்த்தாள். “அது மெதுவா போகுது.” “நிலா?” “அது போகவே இல்ல.” அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. அவளே பனையையும் மலையையும் நிலாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருப்பது வேகமாகப் பின்னால் போகிறது, தூரத்தில் இருப்பது மெல்லப் போகிறது. நிலா இருப்பதோ சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில். செஞ்சி வரைக்கும் பஸ் போனாலும், அந்த நகர்வால் அது இருக்கும் திசையில் நம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாற்றம் வராது. அதனால்தான் கூடவே வருவதுபோல் இருக்கிறது. இந்த எண்ணை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பனைமரம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

நிலா தன்னைத் தொடர்கிறது என்ற எண்ணம் சிறு குழந்தைகளிடம் பரவலாக இருப்பதைப் பியாஜேயும் எழுதியிருக்கிறார். வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். தெருவில் இரண்டு பிள்ளைகளை எதிரெதிர்த் திசையில் நடக்கவிட்டுத் திரும்பி வரச் சொல்லுங்கள். நிலா யாரோடு வந்தது என்று கேளுங்கள். இரண்டும் “என்கூடத்தான்” என்று சத்தியம் பண்ணும். அதற்கப்புறம் நடக்கிற சண்டை இருக்கிறதே, அதைவிட நல்ல வானியல் பாடம் அந்த வயதுக்குக் கிடையாது. நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லிவிடாமல் இருந்தால் போதும்.

இப்படிப் பிள்ளைகளையே பார்க்கவிட்ட ஒரு பள்ளி நூறு ஆண்டுகளுக்கு முன் கேம்பிரிட்ஜில் நடந்தது. ஜெஃப்ரி பைக் என்பவர் தொடங்கிய மால்டிங் ஹவுஸ் பள்ளி. 1924-இலிருந்து 1927 வரை அதை நடத்தியவர் சூசன் ஐசக்ஸ். பிள்ளைகள் கேட்டதையும் செய்ததையும் பேசியதையும் அன்றன்றே குறித்துவைத்தார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் 1930-இல் சிறு குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றிய அவருடைய நூல் வந்தது. பள்ளி பண நெருக்கடியில் சீக்கிரமே மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் செத்துப்போன முயலைப் பற்றிய பகுதியை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன்.

பள்ளியில் வளர்த்த முயல் ஒன்று இரவில் செத்துவிட்டது. காலையில் ஒரு பையன் பார்த்துவிட்டு, வயிறு ஏறி இறங்கவில்லை, அதனால் செத்துவிட்டது என்கிறான். காரணத்தோடு சொல்கிறான், கவனியுங்கள். இன்னொருவன், தண்ணீரில் போட்டால் மறுபடி உயிர் வந்துவிடும் என்று அப்பா சொன்னதாகச் சொல்கிறான். ஐசக்ஸ் அம்மையார் மறுக்கவில்லை, திட்டவில்லை. போட்டுப் பார்ப்போமா என்று கேட்கிறார். தண்ணீர் நிரப்பிய தொட்டியில் முயலைப் போடுகிறார்கள். மிதந்தால் செத்தது, மூழ்கினால் உயிரோடு இருக்கிறது என்று ஒருவன் விதி வகுக்கிறான். முயல் மிதக்கிறது. ஆனால் தண்ணீரின் சுழற்சியில் அது மெல்லச் சுற்றுகிறது. அசைகிறது, உயிர் இருக்கிறது என்கிறது ஒரு குரல். உடனே ஐசக்ஸ் ஒரு சின்னக் குச்சியைத் தண்ணீரில் போடுகிறார். குச்சியும் சுற்றுகிறது. குச்சிக்கு உயிர் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிறகு எல்லோருமாகக் குழி தோண்டி முயலைப் புதைக்கிறார்கள்.

கதை அதோடு முடியவில்லை. மறுநாள் இரண்டு பையன்கள் அதைத் தோண்டிப் பார்க்கலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். அது அங்கே இருக்காது, வானத்துக்குப் போயிருக்கும் என்கிறான் ஒருவன். தோண்டுகிறார்கள், அலுத்து ஓடிவிடுகிறார்கள், திரும்ப வந்து தோண்டுகிறார்கள். விட்டுவிடு, அது மேலே போய்விட்டது என்று மறுபடியும் கைவிடுகிறார்கள். இருக்கிறதா என்று பார்ப்போமே என்று சொல்லி, ஐசக்ஸும் அவர்களோடு சேர்ந்து தோண்டுகிறார். முயல் அங்கேயேதான் இருந்தது. பிள்ளைகள் மிகுந்த ஆர்வத்தோடு அதைப் பார்த்தார்கள்.

நம்மில் பலருக்கு இதைக் கேட்டால் உடம்பு கூசும். செத்ததைத் தோண்டிப் பார்ப்பதா, பிள்ளைகள் பயந்துவிடாதா என்று தோன்றும். அந்தப் பிள்ளைகள் பயப்படவில்லை. ஐசக்ஸ் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. அவர்களுடைய ஊகத்தை மதித்தார், அதைச் சோதிக்க இடம் கொடுத்தார், அவர்கள் பாதியில் விட்டபோது கூடவே நின்று மண்ணைத் தோண்டினார். அந்தக் குச்சி இருக்கிறதே, அதை நினைத்து நினைத்து வியக்கிறேன். ஒரு சொற்பொழிவே ஆற்ற வேண்டிய இடத்தில் ஒரு குச்சியைப் போட்டார்.

இதை நம் வீட்டுச் சாவோடு வைத்துப் பாருங்கள். தாத்தா இறந்துவிடுகிறார். வீடு நிறைய ஆட்கள், அழுகை, பறை, பூ. பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். திரும்பி வந்து, “தாத்தா எங்க?” என்றால் சாமிகிட்ட போயிட்டாரு என்கிறோம். “எப்ப வருவாரு?” வரமாட்டாரு. “ஏன், சாமி விடமாட்டாரா? நாம போய்ப் பாத்துட்டு வரலாமா?” இதற்கு மேல் நம்மிடம் பதில் இருப்பதில்லை. செத்தவர் திரும்பி வருவதில்லை, செத்த உடம்பு மூச்சு விடுவதோ பசியெடுப்பதோ இல்லை, உயிருள்ள எல்லாமே ஒருநாள் சாகும் என்ற மூன்றையும் பெரும்பாலான குழந்தைகள் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் புரிந்துகொள்கிறார்கள். 1984-இல் மார்க் ஸ்பீஸ், சாண்டர் பிரென்ட் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்துச் சொன்னது இது. அந்த மூன்றையும் பிள்ளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் பேச்சை மாற்றினால், அது தேடுவதை நிறுத்துவதில்லை. தனியாகத் தேடுகிறது. ராத்திரியில், இருட்டில். “தாத்தாவோட உடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு கண்ணு. இனிமே அவருக்கு வலிக்காது. அவரு திரும்ப வரமாட்டாரு. எனக்கும் அழுகையாத்தான் வருது.” இதைச் சொல்லும் அம்மாவை அந்தப் பிள்ளை கட்டிக்கொள்ளும். சாமியைப் பற்றிய நம்பிக்கை உங்களுக்கு இருந்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள். முதலில் உள்ளதைச் சொல்லுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது இந்த அரங்கில் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஒரு வீட்டுத் திண்ணையில் பார்த்தது. பாத்திரம் கழுவ வரும் அக்காவுக்குப் பாட்டி காப்பி கொடுக்கிறார். ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்த தனி டம்ளரில். நான்கு வயதுப் பேரன் கேட்டான்: “பாட்டி, அக்காவுக்கு ஏன் நம்ம டம்ளர் குடுக்கல?” “பேசாம சாப்பிடு.” “ஏன் பாட்டி?” தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு காப்பியைக் குடித்தார். அவர் காதில் எல்லாமே விழுந்தது.

அந்தப் பையன் மூன்றாவது முறை கேட்கவில்லை. எதைக் கேட்கக் கூடாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டான். சாதியை யாரும் பாடமாக நடத்துவதில்லை. கேள்வியை அடக்கிய இடத்தில் அது தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்ததும், சில இடங்களில் அது உருமாறித் தொடர்வதும் நமக்கெல்லாம் தெரியும். அந்தக் குவளையைத் தூக்கிப்போடப் பெரிய போராட்டங்கள் நடந்த மண் இது. வீட்டுக்குள் அந்தக் கேள்வியை ஒரு நான்கு வயதுப் பிள்ளை, எந்தத் தலைவரும் சொல்லிக்கொடுக்காமல், தானாகவே கேட்டது. அதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான் உண்டு. “அது தப்புடா கண்ணு. இனிமே நம்ம டம்ளர்லயே குடுக்கலாம்.” சொல்லிவிட்டு அதைச் செய்யவும் வேண்டும். பிள்ளையின் கேள்வி சில நேரங்களில் பதிலைக் கேட்பதில்லை, வீட்டையே மாற்றச் சொல்கிறது. நாம் அதட்டுவதற்கு நேரமின்மையைக் காரணமாகச் சொல்கிறோம். பல சமயம் உண்மைக் காரணம் இந்தப் பயம்தான்.

பதில் தெரியவில்லையே என்ற கூச்சம் வேறு வகை. அதற்கு நான் பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். தெரியாதது யாருக்கும் வெட்கமில்லை. 2002-இல் லியனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் என்ற யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜிப், கழிவறை ஃப்ளஷ், தையல் மிஷின் போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்று தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதற்குப் பெரியவர்களையே மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு, படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதத் தொடங்கியதும்தான் அவர்களுக்குத் தங்கள் அறிவின் அளவு தெரிந்தது. மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். தினமும் பேன்ட் ஜிப்பை இழுக்கிறோம், அது ஏன் மூடிக்கொள்கிறது என்று ஒருநாளும் நினைப்பதில்லை. பிள்ளை கேட்டால்தான் நினைக்கிறோம்.

இன்னொன்று, ராத்திரி ஏன் இருட்டாக இருக்கிறது? சூரியன் மறைந்துவிட்டது என்று நாம் முடித்துவிடுவோம். ஆனால் அந்தக் கேள்வி வானியலாளர் கெப்ளருக்கு 1610-இலேயே எழுந்தது. வில்ஹெல்ம் ஓல்பர்ஸ் என்ற ஜெர்மானிய வானியலாளர் 1823-இல் அதைப் பற்றி எழுதினார். நட்சத்திரங்கள் எல்லையில்லாமல் பரவியிருந்து, எந்தக் காலத்திலும் ஒளிவீசிக்கொண்டே இருந்தால், நாம் எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை ஏதாவதொரு நட்சத்திரத்தில் போய்த்தான் முடிய வேண்டும். அப்படியானால் சூரியன் மறைந்த பிறகும் வானம் முழுக்கப் பளபளவென்று இருந்திருக்க வேண்டும். இருட்டாக இருக்கிறதென்றால்? பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது, வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள், அவ்வளவு காலத்தில் ஒளி கடக்கக்கூடிய தூரத்துக்கும் அப்பாலிருந்து அது இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லை என்பது விடையின் முக்கியமான பகுதி. மொட்டைமாடியில் பாயில் படுத்துக்கொண்டு ஐந்து வயதுப் பிள்ளை கேட்கிற கேள்விக்கு விடை அவ்வளவு தூரம் போகிறது. “சூரியன் இல்ல, அதான். ஆனா இவ்வளவு நட்சத்திரம் இருந்தும் ஏன் இருட்டா இருக்கு? எனக்கும் தெரியல, யாருகிட்டயாவது கேப்போம்” என்று ஒரு தந்தை சொன்னால் அவர் பிள்ளைக்கு முழு நேர்மையோடு பதில் சொல்லிவிட்டார்.

சரி, நம் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருவோம். எனக்கு மனவருத்தம் இருக்கிற இடம் இது.

2011-இல் எலிசபெத் பொனவிட்ஸும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குழாய்களால் செய்த ஒரு புதுப் பொம்மை. ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும். அதைத் தவிர விளக்கு எரிவது, கண்ணாடி தெரிவது, இசை வருவது என்று வேறு மூன்று விஷயங்களும் ஒளிந்திருக்கும். சில குழந்தைகளிடம், இந்தப் பொம்மை எப்படி வேலை செய்கிறது பார் என்று ஆசிரியரைப்போலக் காட்டிவிட்டுக் கொடுத்தார்கள். வேறு சிலரிடம் தற்செயலாகக் கை பட்டதுபோலச் சத்தம் வரவைத்தார்கள். பாடமாகக் காட்டப்பட்ட பிள்ளைகள் அந்தக் கீச்சையே இழுத்துக்கொண்டு சீக்கிரம் விளையாட்டை முடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அதிக நேரம் தடவிப் பார்த்து, மற்ற விஷயங்களையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் காட்டிவிட்டார், காட்ட வேண்டியது இவ்வளவுதான் போலிருக்கிறது என்று பிள்ளை நியாயமாகவே முடிவு செய்கிறது. கற்பிப்பதே தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டதாகப் பிள்ளை நினைக்கும்படி கற்பிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு இதெல்லாம் தெரியாததில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. அன்றிலிருந்து அந்தப் பெண்கள் தூக்கிச் சுமப்பதற்கு அளவில்லை. எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், கர்ப்பிணி வீடுகளுக்குப் போக வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், அத்தனைக்கும் பதிவேடு எழுத வேண்டும், அதையே போனிலும் ஏற்ற வேண்டும், பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவர்கள் தலையில்தான். ஒரு பிள்ளை வந்து, “டீச்சர், முட்டைக்குள்ள ஏன் ரெண்டு கலரு?” என்று சேலையைப் பிடித்து இழுக்கும்போது அந்தப் பெண்ணுடைய ஒரு கையில் போன், இன்னொரு கையில் பதிவேடு. “அப்புறம் சொல்றேன் சாமி” என்றுதான் வாயில் வரும். அந்த அப்புறம் வருவதேயில்லை. இதற்கு அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கேள்விக்குத் துணை நிற்க ஆளும் நேரமும் வேண்டும். அதற்குக் காசு செலவாகும். அந்தக் காசை அரசு ஒதுக்க வேண்டும். இரண்டாவதாக ஒரு பணியாளரைப் பிள்ளைகளுக்கென்றே போட வேண்டும் என்பதை எத்தனை கூட்டத்தில் வேண்டுமானாலும் சொல்வேன்.

செல்போன் பதில் சொல்லுமே என்பார்கள். சொல்லும், நிலாவின் தூரத்தைக் கிலோமீட்டரில் துல்லியமாகச் சொல்லும். இரண்டு பிள்ளைகளைத் தெருவில் எதிரெதிராக நடக்கவிட்டுப் பார்க்க அது வாசலுக்கு வராது.

கடைசியாக இந்த நூலகத்துக்கு ஒரு வேண்டுகோள். தமிழில் குழந்தைகளுக்கு விளக்கிச் சொல்ல நூல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெரியசாமித் தூரன் தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக முடித்த கையோடு, 1968-இலிருந்து 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். குழந்தைக்காக இவ்வளவு உழைத்த தலைமுறை ஒன்று நமக்கு இருந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் மாத இதழ் 1987-இலிருந்து வருகிறது. தூரனின் தொகுதிகளில் இன்று பழையதாகிவிட்ட தகவல்களும் இருக்கும். பரவாயில்லை, அதைப் பிள்ளையோடு சேர்ந்து கண்டுபிடிக்கலாம்.

அந்தத் தொகுதிகள் இங்கே பூட்டிய கண்ணாடி அலமாரியில் இருப்பதை உள்ளே வரும்போது பார்த்தேன். அவற்றைத் திறந்த மேசைக்குக் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் குழந்தைகள் பகுதியில் பாய் விரித்து வையுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், மோட்டார் மெக்கானிக், நர்ஸ், கொத்தனார், ஆடு வளர்ப்பவர் என்று வாரத்துக்கு ஒருவர் வந்து உட்காரட்டும். பேச வேண்டாம், பாடம் எடுக்க வேண்டாம். பிள்ளைகள் கேட்கட்டும், தெரிந்ததைச் சொல்லட்டும், தெரியாததைப் பலகையில் எழுதி வைக்கட்டும். பள்ளிப் பரிசு, போட்டி, சான்றிதழ் எதுவும் இதில் வேண்டாம். நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டால் முதல் நான்கு சனிக்கிழமைகளுக்கு நான் வருகிறேன். ஐந்தாவது சனிக்கிழமைக்கு டவுன் பஸ் டிரைவர் ஒருவரிடம் ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறேன். கியர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.